மலையிலிருந்து இறங்கி அவெஞ்சர்ஸ் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்துக் கோயம்புத்தூர் போய், மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோக்கள் அணிசேரும் அவெஞ்சர்ஸ் படங்களைப் பார்த்துத் திரும்பும் கூட்டம் எங்களுடையது. படகர் ஊர்களான ஹட்டிகளின் பையன்கள், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், கல்லூரி மாணவிகள், துணைக்கு வரும் பெரியவர்கள் என்று எல்லோரும் உண்டு. அடுத்த படமான 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகும் என்று அறிவிப்பு வந்ததிலிருந்து, முதல்முறை வர நினைப்பவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். அரங்கில் மக்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் பலருக்கும் பெரிய புதிராக இருக்கிறது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். 2018-இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்', 2019-இல் வந்த 'எண்ட்கேம்' படங்களின் முடிவுகள் இதில் வெளிப்படையாக வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அப்படி என்னதான் கத்துகிறார்கள்? கூட்டத்தோடு சேர்ந்து சும்மா கத்துவதுதானே?

சும்மா யாரும் கத்துவதில்லை. ஒவ்வொரு ஆரவாரத்துக்குப் பின்னாலும் ஒரு காத்திருப்பு இருக்கிறது.

அணியில் ஒருவனான தோரின் சுத்தியலை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர் மட்டுமே அதைத் தூக்க முடியும். 2015-இல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் ஒரு விருந்துக் காட்சி உண்டு. நண்பர்கள் ஒவ்வொருவராக அதைத் தூக்கப் பார்த்துத் தோற்கிறார்கள். கேப்டன் அமெரிக்கா இழுக்கும்போது மட்டும் சுத்தியல் மயிரிழை அசைகிறது. தோரின் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு கணம் காணாமல் போகிறது. அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நான்கு ஆண்டு கழித்து 'எண்ட்கேம்' படத்தின் இறுதிச் சண்டையில் வில்லன் தானோஸ் தோரைத் தரையோடு அழுத்திக் கொல்லப் பார்க்கும்போது, பின்னால் கிடந்த அந்தச் சுத்தியல் தானாக எழுகிறது. பறந்துவந்து தானோஸை அடித்துவிட்டுத் திரும்புகிறது. போய்ச் சேரும் இடம் கேப்டனின் கை.

எங்கள் வரிசையில் இருந்த கோத்தகிரிப் பையன் ஒருவன், அது கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டான். சுத்தியல் தரையில் அசைந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கைகளாலும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய் திறந்திருந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. பள்ளிக்கூட நாளில் பார்த்த ஒரு சிறு அசைவை அவன் அத்தனை ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்திருக்கிறான். தன் நினைவுக்கு மரியாதை கிடைத்ததும் அவன் கத்தினான். இதைச் சும்மா கத்துவது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்தது வட்டங்கள். உடைந்த கேடயத்தின் வாரை இறுக்கிக்கொண்டு கேப்டன் ஒரு பெரும் படைக்கு எதிரே தனியாக நிற்கிறான். காதில் கரகரப்பாக ஒரு குரல். அவனுக்குப் பின்னால் நெருப்பு நிறத்தில் ஒரு வட்டம் திறக்கிறது. முதலில் வருபவர்கள் பிளாக் பாந்தரும் அவனுடைய தங்கையும் தளபதி ஒக்கோயேயும். பிறகு ஒவ்வொரு வட்டமாகத் திறக்க, முந்தைய படத்தில் சாம்பலாய்ப் போனவர்கள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரங்கில் ஒரு மூலையிலிருந்து தனிச் சத்தம் வரும். ஸ்பைடர்மேனுக்குப் பிள்ளைகள், டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்குக் கல்லூரிக்காரர்கள், க்ரூட்டுக்கு எங்கள் வேனின் மொத்தக் கடைசி வரிசையும். ஐந்தாறு வட்டங்களுக்குப் பிறகு மூலைகள் கலைந்து ஒரே சத்தமாகிவிடும். அதன்மேல்தான் கேப்டன் அணியை ஒன்றுகூட அழைக்கும் அந்த முழக்கம் வருகிறது. 2015 படத்தின் கடைசி நொடியில் அவன் அதே முழக்கத்தைத் தொடங்கியபோது பாதியில் வெட்டித் திரையை இருட்டாக்கியிருந்தார்கள். பாக்கி இருந்த அந்த ஒரு சொல்லுக்கும் நான்கு ஆண்டு காத்திருப்பு.

நம் ஊர்ப் படங்களில் நாயகன் அறிமுகமாகும் முதல் காட்சியிலேயே விசில் பறக்கும். இங்கே பெரிய விசில், படம் தொடங்கி இரண்டேகால் மணி நேரம் கழித்து வருகிறது. 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்கிய தொடருக்கு இது 22-ஆவது படம். பதினோரு ஆண்டுக் கணக்கு ஒரே காட்சியில் தீர்கிறது.

2018 படம் முடிந்தபோது அரங்கில் யாரும் பேசவே இல்லை என்கிறார்களே, உண்மையா?

நான் இருந்த அரங்கில் உண்மை. 'இன்ஃபினிட்டி வார்' முடியும்போது தானோஸ் விரலைச் சொடுக்குகிறான், உயிர்களில் பாதி மறைகிறது. நாயகர்கள் ஒவ்வொருவராகச் சாம்பலாகி உதிர்கிறார்கள். பிளாக் பாந்தர், கீழே கிடக்கும் ஒக்கோயேயை எழுப்பக் கை நீட்டும்போதே உதிர்ந்துபோகிறான். அவனுடைய தனிப் படம் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் இதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது நேற்றுப் பழகிய நண்பனைப் பறிகொடுத்ததுபோல. கடைசியில் தானோஸ் தனியாக உட்கார்ந்து வெளிச்சத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறான், படம் முடிந்துவிடுகிறது. வில்லன் வென்று ஓய்வெடுக்கும் படத்துக்கு எப்படிக் கைதட்டுவது? விளக்கு போட்ட பிறகும் மக்கள் எழவில்லை.

எங்களோடு பேரனுக்குத் துணையாக வந்திருந்த பாட்டி ஒருவர், 1964-ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பேரன் அழுதுகொண்டிருந்தான். அவர் அவன் தலையைத் தடவி, "எழுந்து வருவார்கள் பாரு சாமி. சாம்பலானால் எழுந்துதான் ஆகவேண்டும்" என்றார். திரும்பும் வழியில் காரணமும் சொன்னார். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் எரிந்து சாம்பலாவான். ரதி ஒப்பாரி வைப்பாள். பிறகு மன்மதன் உயிர் பெறுவான். ஊரே வருடா வருடம் முடிவு தெரிந்தே பார்த்து, தெரிந்தே அழும். பாட்டிக்கு அந்தப் படத்தில் பாதிப் பேருடைய பெயர்கூடத் தெரியாது. ஆனால் அந்த அரங்கில் இருந்தவர்களிலேயே படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அவரையும் அழைத்துப் போனோம். வட்டங்கள் திறந்தபோது அவர் கத்தவில்லை. பேரனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

முந்தைய படங்களைப் பார்க்காமல் வரலாமா?

வரலாம். கதை ஓரளவு பிடிபடும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் ஏன் அழுகிறார் என்பது பிடிபடாது. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால் 2008 'அயர்ன் மேன்', 2011-இல் வந்த முதல் கேப்டன் அமெரிக்கா படம், 2012, 2018, 2019 அவெஞ்சர்ஸ் படங்கள் ஆகிய ஐந்தையாவது பாருங்கள். வரிசை மாறாமல் பாருங்கள்.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

குடும்பத்தோடு வந்தால் தமிழ். சந்தேகமே வேண்டாம். தமிழ்க் காட்சியில் நகைச்சுவைக்கு அரங்கு முழுவதும் ஒரே நேரத்தில் சிரிக்கிறது. ஆங்கிலக் காட்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரிப்பு வரும்.

'எண்ட்கேம்' தமிழ் வடிவத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். முன்னோட்டம் வந்த அன்றே ரசிகர்கள் கொதித்தார்கள். முந்தைய படங்களில் கேட்டுப் பழகிய குரலே வேண்டும் என்றார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. விஜய் சேதுபதி அருமையான நடிகர். ஆனால் ஒருவன் சாகப்போகும் படத்தில் அவனுடைய குரலை மாற்றக் கூடாது. இந்தத் தொடரைத் தமிழிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு அந்தக் குரல்தான் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க். பெரிய பெயர் வந்தால் புதுக் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள், பழைய கூட்டத்தின் காதை மறந்துவிட்டார்கள்.

கூடலூர் நண்பர்கள் பலருக்குக் கேரளப் பக்கத்து அரங்குகளே வசதி. 2019-இல் அந்தப் படம் இந்தியாவில் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கில் வந்ததே தவிர மலையாளத்தில் வரவில்லை. தமிழில் பார்க்க விரும்பும் கூடலூர்க்காரர்கள் டிக்கெட் எடுக்கும்போது மொழியைப் பார்த்து எடுங்கள்.

ஊட்டியிலேயே பார்க்கக் கூடாதா? ஏன் கீழே இறங்க வேண்டும்?

மலையில் படம் வந்தால் தாராளமாக மலையிலேயே பாருங்கள். ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் போன்ற பழைய அரங்கில் ஆங்கிலப் படம் பார்ப்பதற்கென்று ஒரு தனிச் சுகம் உண்டு. இருக்கிற அரங்குகளை நாம்தான் காப்பாற்ற வேண்டும். நாங்கள் கீழே இறங்குவதற்குக் காரணம் திரையின் அளவு. 2018, 2019 படங்கள் இரண்டும் முழுக்க முழுக்க ஐமேக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டவை. ஐமேக்ஸ் திரையில் மேலும் கீழுமாக 26 சதவீதம் வரை கூடுதல் படம் தெரியும். நாங்கள் அவற்றைப் பார்த்த நாளில் கோவையில் அந்த வசதி இல்லை, இப்போது இருக்கிறது.

வண்டி, நேரம், காது பற்றி?

காது என்று சேர்த்துக் கேட்டவருக்கு நன்றி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,500 மீட்டர் இறக்கம். இறங்கும்போது காற்றழுத்தம் கூடுவதால் காது அடைத்துக்கொள்ளும். அந்தக் காதோடு அரங்கில் போய் உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் எல்லாம் பஞ்சுக்குள் பேசுவதுபோல்தான் கேட்கும். பர்லியார் தாண்டியதும் மிட்டாய் வாயில் போட்டுக்கொண்டு எச்சில் விழுங்கிக்கொண்டே வாருங்கள். சளி பிடித்திருந்தால் கொஞ்சம் முன்னதாகவே இறங்கிவிடுங்கள்.

'எண்ட்கேம்' 181 நிமிடம். இடைவேளையும் விளம்பரமும் சேர்த்தால் மூன்றரை மணி நேரம். அதனால் எங்கள் வழக்கம் காலைக் காட்சி. முந்தைய படங்கள் ஏப்ரல் கடைசியில், சரியாகச் சீசன் நேரத்தில் வந்தன. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். பலா பழுக்கும் காலம் என்பதால் குஞ்சப்பனை, பர்லியார்ப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. டிசம்பர் என்றால் பிரச்சினை வேறு. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை அடைபடலாம், இரவில் மூடுபனி. இரவுக் காட்சிக்கு வேன் கேட்காதீர்கள், தரமாட்டோம். கூடலூரிலிருந்து மைசூர்ப் பக்கம் போகிறவர்கள், பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுவதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். வத்தலக்குண்டுப் பாதைக்கும் காதும் மழையும் ஒன்றுதான்.

கைதட்டலில் வசனம் கேட்பதே இல்லை. அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் என்ன செய்வது?

இரண்டாவது வாரத்தில் ஒரு பகல் காட்சிக்குப் போங்கள். முதல் முறை கூட்டத்தோடு, இரண்டாம் முறை படத்தோடு என்பது எங்கள் பழக்கம். இரண்டாம் முறை வேறு விஷயங்கள் தெரியும். 'எண்ட்கேம்' படத்தின் முதல் ஒரு மணி நேரம் முழுக்க முழுக்கத் துக்கம்தான். சண்டைக்காக வந்தவர்கள் அப்போது நெளிந்தார்கள், எழுந்துபோய்ப் பாப்கார்ன் வாங்கினார்கள். திரும்பப் பார்க்கும்போது எனக்குப் படத்தின் சிறந்த பகுதியே அதுதான் என்று தோன்றியது. இப்போது அந்த வட்டக் காட்சியைப் போட்டுப் பார்த்தாலும் முதலில் நடந்துவருபவர் பிளாக் பாந்தராக நடித்த சாட்விக் போஸ்மேன். 2020 ஆகஸ்டில் அவர் காலமாகிவிட்டார். அன்று கத்திய அதே இடத்தில் இன்று பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை.

கைதட்டலை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் கைபேசி விளக்கை அடிப்பது, வசனத்தை முந்திக்கொண்டு சொல்வது, இறக்கும் காட்சியில் கேலி பேசுவது இவையெல்லாம் ஆரவாரத்தில் சேராது. எங்கள் வேனில் வந்து அப்படிச் செய்தவர்களை மறுமுறை அழைத்ததில்லை.

பிடித்த காட்சியை மட்டும் கைபேசியில் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2023-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, அரங்கில் படத்தைப் பதிவுசெய்தால் குறைந்தது மூன்று மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம்.

முடிவை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். மலைக்காரர்களுக்கு இது கூடுதல் பயம், ஏனென்றால் நம்மில் பலர் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் இறங்க முடிகிறது. சம்பளத் தேதி, பறிப்பு வேலை, விடுமுறை எல்லாம் பார்க்க வேண்டும். 2019-இல் இயக்குநர்கள் ரூசோ சகோதரர்களே முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மே 6 முதல் பேசலாம் என்றார்கள். படம் ஏப்ரல் 26 அன்று வந்தது. பத்து நாள் என்பது நகரத்துக் கணக்கு. நாங்கள் மாதம் முழுவதும் வாய் திறப்பதில்லை. முதலில் பார்த்துவிட்டவர்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது. தேயிலைக் காட்டில் பகலெல்லாம் நின்று சேர்த்த காசில் டிக்கெட் எடுப்பவரின் மூன்று மணி நேரத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கெடுப்பது கொடுமை.

என் மகனுக்கு எட்டு வயது. அயர்ன் மேன் இறந்ததைப் பார்த்து இரண்டு நாள் அழுதான். இனி அழைத்துப் போகலாமா?

போகலாம். அவன் அழுதது நல்ல விஷயம். தன்னைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றிய ஒருவனுக்காக அழுதிருக்கிறான். அதைக் கேலி செய்யாமல், யாரை நினைத்து அழுதாய் என்று கேளுங்கள். எங்களோடு வந்த ஒரு சிறுமி, இறந்தவனைவிட அவன் விட்டுச் சென்ற குட்டிப் பெண்ணை நினைத்துத்தான் அழுதேன் என்றாள். 2024 முதல் யு/ஏ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்குமுன் அதைப் பாருங்கள்.

இதெல்லாம் சினிமாவே இல்லை என்று பெரிய இயக்குநர்களே சொல்கிறார்களே?

2019 அக்டோபரில் மார்ட்டின் ஸ்கார்செஸி அப்படிச் சொன்னார். இவற்றைப் பொழுதுபோக்குப் பூங்காக்களோடு ஒப்பிட்டார். அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் படங்கள் பெரிய பணத்தைப் பாதுகாப்பாகப் போட்டு எடுக்கப்படுபவை. சிறு படங்களுக்குத் திரை கிடைக்காமல் போவதும் உண்மை. ஆனால் ராட்டினத்திலிருந்து இறங்கியவர்கள் 2018-இல் அந்த அரங்கில் இருந்தவர்களைப்போல் வாயடைத்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஒரே நொடியில் மூச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு படம் காரணமாக இருந்தால், அதற்குச் சினிமா என்று பெயர் வைக்க எனக்குத் தயக்கமில்லை.

2019-க்குப் பிறகு அந்த ஆரவாரம் ஏன் குறைந்தது?

காத்திருக்க விடவில்லை, அதனால்தான். 2021-இல் மட்டும் நான்கு திரைப்படங்கள், ஐந்து இணையத் தொடர்கள். எதையும் மனத்தில் வைத்து ஏங்க நேரமே இல்லை. மலையில் எல்லா வீட்டிலும் இணையச் சந்தாவும் இல்லை. தொடரைப் பார்க்காதவருக்கு அடுத்த படத்தில் பாதி விளங்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஸ்பைடர்மேன் படம் மட்டும் விதிவிலக்கு. பழைய ஸ்பைடர்மேன்கள் இருவர் அதில் வட்டத்தைத் தாண்டி வந்தபோது எழுந்த சத்தம், பல ஆண்டு காணாமல் போயிருந்தவர்களுக்கான சத்தம்.

பெயர்ப்பட்டியல் முடியும்வரை உட்கார வேண்டுமா?

ஆம். 2012 படத்தில் எல்லாம் முடிந்து அணியினர் ஷவர்மா சாப்பிடும் காட்சி வரும். 2018-இல், அணியைச் சேர்த்த நிக் ஃப்யூரி வருவார். 2019-இல் காட்சி எதுவும் இல்லை, இருட்டில் இரும்பை அடிக்கும் சத்தம் மட்டும். முதல் அயர்ன் மேன் கவசம் உருவான நினைவாக. ஒரு அரங்கில் அந்தச் சத்தம் வருவதற்குள் கதவைத் திறந்து பெருக்க வந்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னதும் துடைப்பத்தோடு நின்று அவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

டிசம்பரில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் இந்த முறை டாக்டர் டூம் என்ற வில்லன். 2024 ஜூலையில் இதை அறிவித்தார்கள். யாருக்காக அரங்கே அழுததோ அதே மனிதர் எதிர்ப்பக்கம் நிற்கப்போகிறார். அவர் முதலில் வரும்போது பெரிய கைதட்டல் எழும் என்பது என் கணிப்பு. அவர் ஒரு நல்லவனை அடிக்கும் நொடியில் அது பாதியில் நின்றுவிடும். அன்று எட்டு வயதில் அழுத பிள்ளைகளுக்கு இப்போது பதினைந்து வயது. யார் பக்கம் நிற்பது என்று அவர்களுக்குத் தெரியாமல் திணறப்போகும் அந்தச் சில நொடிகளைக் கேட்கவே நான் முதல் வாரத்தில் இறங்குகிறேன். வேனில் இடம் வேண்டுபவர்கள் டிக்கெட் திறக்கும் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் கழற்றி வைக்க ஒரு பையும் கொண்டுவாருங்கள்.